தட்டைப் பெருசாக்கினா படம் வந்துடுமா?

பொங்கலுக்கு ஊருக்குப் போனா வீட்டுல ஒரே பஞ்சாயத்து. ஊர்னா பெருமுக்கல். திண்டிவனத்துலேர்ந்து மரக்காணம் போற ரோட்டுல மலையைப் பாத்திருப்பீங்களே, அதேதான்.

"மழையே இல்லன்னாலும் படம் கட்டம் கட்டமா உடையுதுப்பா. டிஷ்காரத் தம்பி மலை மறைக்குதுங்குது, 90 சென்டிமீட்டர் தட்டு மாட்டணுமாம்"னு அம்மா. இதைச் சொன்ன மகராசன் மொட்டைமாடிக்கு ஏறவே இல்லைங்கிறது அப்புறம் தெரிஞ்சுது.

முதல்ல மலைக் கதை. எங்க வீட்டு டிஷ் பாக்குற செயற்கைக்கோள் 93.5 டிகிரி கிழக்குல, பூமத்திய ரேகைக்கு மேல 36,000 கிலோமீட்டர் உயரத்துல நிக்குது. பெருமுக்கல்லேர்ந்து பாத்தா தென்கிழக்குல, கிட்டத்தட்ட 68 டிகிரி உயரத்துல இருக்கும். அதாவது உச்சிக்குக் கொஞ்சம் கீழதான். பத்தடி தள்ளி நிக்கிற மரம் தட்டைவிட இருபத்தஞ்சு அடி உசந்திருந்தாத்தான் மறைக்கும். அடிவாரத்துல ஒட்டி வீடு கட்டினவங்களைத் தவிர மத்தவங்க மலையைத் திட்ட வேண்டாம். பக்கத்து வீட்டுத் தென்னையைச் சந்தேகப்படுங்க :-)

மாடிக்கு ஏறிப் பாத்தா விஷயம் வேற. கம்பத்தைப் பிடிச்சிருந்த போல்ட் துருப்பிடிச்சுப் பொரிஞ்சு கிடக்கு. தட்டை விரலால தள்ளினா ஆடுது. எல்.என்.பி.ல மாட்டுற கனெக்டரைக் கழட்டினா உள்ள பச்சையா களிம்பு. மரக்காணம் உப்பளக் காத்து, சும்மா விடுமா? நம்ம பக்கம் ஜன்னல் கம்பியே நிக்காது.

பெருசாக்கினா லாபமே இல்லையான்னா, இருக்கு. 60-லேர்ந்து 90-க்குப் போனா பரப்பு ரெண்டே கால் மடங்கு, சிக்னல் மூணரை டெசிபெல் கூடும். தூறல், சாதா மழைக்கு நல்லாவே தாங்கும். ஆனா பெரிய தட்டோட பார்வை குறுகல். 60 தட்டு சுமார் 3 டிகிரி அகலம் பாக்கும், 90 தட்டு 2 டிகிரிதான். ஒரு டிகிரி நகந்தாலே காசு குடுத்து வாங்கின ஆதாயத்துல பாதி போச்சு. காத்து வேற ரெண்டே கால் மடங்கு பிடிச்சுத் தள்ளும். துருப்பிடிச்ச கம்பத்துல அதைக் கொண்டுபோய் மாட்டினா என்ன ஆகும்னு நீங்களே யோசிங்க.

கொட்டுற மழைக்கு இதெல்லாம் எடுபடாது. டி.டி.எச். வர்றது கே.யு. பேண்டுல. அலைநீளம் ரெண்டரை சென்டிமீட்டர்தான், பெரிய மழையில பத்து டெசிபெலுக்கு மேலயே தின்னுடும். தொண்ணூறுகள்ல மாடி மாடியா இருந்த எட்டடி வலைத்தட்டு சி பேண்டு, அதை மழை அவ்வளவா தொடாது. கேபிள்காரங்களும் பெரும்பாலும் சி பேண்டுல வாங்குறதாலதான் நம்ம டிஷ் போனப்புறமும் எதிர்வீட்டுல சீரியல் ஓடுது.

2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புதுச்சேரிகிட்ட கரை கடந்தப்ப, பக்கத்து மயிலத்துல ஒரே நாள்ல 50 சென்டிமீட்டர் மழை. "நோ சிக்னல்"னு காட்டுற டிவி முன்னாடி அம்மா தனியா உக்காந்திருந்தாங்க. புயல் எங்க இருக்குன்னு தெரிய வேண்டிய நேரத்துலதான் அது கண்ணை மூடும். 90 இல்ல, 120 வெச்சிருந்தாலும் அப்படித்தான். அதுக்கு பேட்டரி ரேடியோதான், வாங்கி வெச்சுட்டேன்.

அதனால கடலோரத்துல புதுசா மாட்டுறவங்க தட்டோட அளவைக் கேக்குறதுக்கு முன்னாடி போல்ட்டைக் கேளுங்க. ஸ்டெயின்லெஸ் கேட்டு வாங்குங்க. கனெக்டர் மேல ரப்பர் டேப்பை இழுத்துச் சுத்தச் சொல்லுங்க. பாக்ஸ் மெனுவுல "ஸ்ட்ரெங்த்" எவ்வளவுன்னு பாத்து ஏமாறாதீங்க, "குவாலிட்டி"தான் கணக்கு. அதைப் பாத்துக்கிட்டே தட்டை லேசா ஆட்டிப் பாக்கச் சொல்லுங்க. நம்பர் தாவினா, ஆளை மாடியிலேர்ந்து இறங்க விடாதீங்க.

எங்களுக்கு நாலு போல்ட், ரெண்டு கனெக்டர், ஒரு டேப், அரை நாள். பழைய 60 தட்டுதான், படம் சும்மா கண்ணாடி மாதிரி நிக்குது. ஐப்பசிக்கு முன்னாடி கிரீஸ் தடவ நானே வரணும்னு அம்மா உத்தரவு.