சிவப்பு எங்கே, நீலம் எங்கே?

ஜவுளிக்கடையில் பழம் தின்று கொட்டை போட்ட சேல்ஸ்மேனைக் கவனித்திருக்கிறீர்களா? நாம் வாய் திறப்பதற்கு முன்பே, எந்தப் புடவையில் நம் கண் ஒரு விநாடி கூடுதலாக நின்றது என்று பார்த்து, அதை உருவிப் போட்டுவிடுவார். இணையத்தில் கடை போட்டவர்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. யாரோ வருகிறார்கள், யாரோ போகிறார்கள்.

என் சித்தி மகளுக்கு இதுதான் கவலை. பருப்புப்பொடி, வற்றல், ஊறுகாய் என்று வீட்டிலேயே செய்து விற்கிறாள். சேமிப்பைப் போட்டு வெப்சைட் ஆரம்பித்து ஆறு மாதம். ஆட்கள் வருகிறார்கள்; ஆர்டர்தான் வரவில்லை.

“விலையைக் குறைச்சிடலாமாக்கா? இல்ல, மூடிடலாமா?” என்றாள்.

“ரெண்டும் வேண்டாம். முதல்ல ஹீட்மேப் போட்டுப் பாரு” என்றேன்.

வானிலைப் படத்தில் வெயில் கொளுத்தும் ஊர்களைச் சிவப்பாகக் காட்டுவார்கள் அல்லவா? அதே கதைதான். வெப்சைட் பக்கத்தில் அதிகம் பேர் தொட்ட இடம் சிவப்பு. குறையக் குறைய மஞ்சள், பச்சை. யாரும் சீண்டாத இடம் நீலம். எத்தனை பேர் எதுவரை கீழே தள்ளிப் பார்த்தார்கள் என்று காட்டும் வகையும் உண்டு. மைக்ரோசாஃப்டின் ‘கிளாரிட்டி’ இதை இலவசமாகவே தருகிறது. அவர்கள் தரும் சின்ன கோடு ஒன்றை வெப்சைட்டில் சேர்த்தால் போதும்.

சில வாரங்கள் கழித்துப் பார்த்தோம். ஊறுகாய் பாட்டில் போட்டோ மேல் செக்கச்செவேல்! லேபிளைப் படிக்க, பெரிதாகும் என்று நினைத்துத் தட்டித் தட்டிப் பார்த்திருக்கிறார்கள். அதுவோ வெறும் படம். ‘வாங்க’ பட்டன், பாட்டியின் கைப்பக்குவம் பற்றிய நீண்ட கதைக்கும் கீழே நீலத்தில் கிடந்தது. செல்போனில் வந்தவர்களில் பெரும்பாலானோர் அதுவரை போகவே இல்லை.

பட்டனைப் படத்துக்கு அடியிலேயே வைத்தாள். தட்டினால் படம் பெரிதாகும்படி செய்தாள். விலையில் கை வைக்கவில்லை. ஆர்டர் மெல்ல வரத் தொடங்கியிருக்கிறது.

இது அவள் ஒருத்தியின் கதை அல்ல. 2006-ல் ஜேக்கப் நீல்சன் 232 பேரின் கண் அசைவைப் பதிவு செய்து பார்த்தார். பக்கத்தின் மேற்பகுதியில் குறுக்காக இரண்டு ஓட்டம், பிறகு இடது ஓரமாகக் கீழே ஓர் இறக்கம். ஆங்கில ‘எஃப்’ எழுத்து மாதிரி! ஆற அமரப் படிப்பவர்கள் குறைவு, மேய்பவர்களே அதிகம்.

ஆனால் இரண்டு எச்சரிக்கைகள். ஒன்று, சிவப்பு என்றாலே பிடித்தது என்று அர்த்தமில்லை. எரிச்சலில் குத்தினாலும் சிவப்புதான். பத்துப் பேர் வந்ததை வைத்து முடிவெடுக்கவும் கூடாது.

இரண்டாவது, இன்னும் முக்கியம். இந்த மாதிரிக் கருவிகளில் பல, ஒவ்வொருவரின் வருகையையும் வீடியோ போலவே பதிவு செய்பவை. சில தளங்களில், படிவத்தில் தட்டச்சு செய்த சொந்த விவரங்களும் வெளி நிறுவனங்களுக்குப் போனதை 2017-ல் பிரின்ஸ்டன் ஆய்வாளர்கள் வெளிக்கொண்டு வந்தார்கள். அதனால் முகவரி, போன் நம்பர் கட்டங்கள் பதிவில் மறைக்கப்படுகின்றனவா என்று சரிபார்த்தோம். ‘இங்கே இப்படி ஒரு கருவி இருக்கிறது’ என்று தளத்தில் எழுதியும் வைத்தாள்.

சேல்ஸ்மேன் நம் கண் போகும் இடத்தைப் பார்க்கலாம். கைப்பைக்குள் எட்டிப் பார்க்கக் கூடாது, இல்லையா?