இல்லறக் கணக்கு: மின்சார ஸ்கூட்டர் வாங்குமுன்

மும்பைக்கு வந்து குடியேறிய நம்மவர், ஒரு காலத்தில் மாட்டுங்காவிலும் சயானிலும் வீடு பார்த்துக்கொண்டு, அருகிலேயே அலுவலகமும் பார்த்துக்கொண்டனர். இன்று வாடகை நம்மை நெருல், கார்கர், டோம்பிவிலி என்று வெளியே தள்ளிக்கொண்டே போகின்றது. வீடு ஒரு கோடியிலும் வேலை மறு கோடியிலுமாக ஆகிவிட்ட குடும்பங்கள் பல. பெட்ரோல் செலவைக் கண்டு மலைத்த அன்பர்கள், “மின்சார ஸ்கூட்டர் வாங்கலாமா? எதை வாங்கலாம்?” என்று கேட்கின்றனர். ஒரு லட்ச ரூபாயை ஒட்டிய செலவு இது. மாதச் சம்பளக் குடும்பத்துக்குச் சிறிய தொகை அன்று. ஆகவே இம்மாதப் பக்கத்தை இதற்கே ஒதுக்குகின்றோம்.

முதலில் ஓர் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். வீட்டுக்கருகிலும் அலுவலகத்துக்கருகிலும் ரயில் நிலையம் வாய்த்தவர்களுக்கு, சில நூறு ரூபாயில் கிடைக்கும் மாதாந்தர சீஸன் டிக்கெட்டைவிட மலிவான பயணம் எதுவும் இல்லை. இரண்டு மூன்று வண்டி மாறி, ஆட்டோவுக்கும் காத்து நிற்பவர்களுக்கும், ஏற்கெனவே பெட்ரோல் ஸ்கூட்டரில் போய்வருபவர்களுக்கும் உரியதே இந்த யோசனை.

பெரும்பாலோர் கடைக்குப் போய் வண்டியின் நிறத்தையும் வேகத்தையும் பார்த்துவிட்டு, கடைசியில்தான் “எங்கே சார்ஜ் செய்வது?” என்று யோசிக்கின்றனர். இந்த வரிசையைத் தலைகீழாக்க வேண்டும் என்பதே நம் கருத்து. வண்டியைத் தேர்ந்தெடுக்கு முன் பிளக்கைத் தேர்ந்தெடுங்கள். வண்டி நிற்கும் இடத்தில், நம் வீட்டு மீட்டரிலிருந்து இழுத்த, எர்த் இணைப்புள்ள பிளக் கிடைக்குமா? வாடகைக் குடித்தனக்காரராயின் வீட்டுக்காரரின் சம்மதத்தையும் சொசைட்டியின் சம்மதத்தையும் எழுத்தில் பெறுதல் நலம். வீட்டிலுள்ள மின் இணைப்பைக் கொண்டே வண்டியைச் சார்ஜ் செய்து கொள்ளலாம் என்று மத்திய மின்சார அமைச்சகம் 2022 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளில் கூறியுள்ளது. சொசைட்டிச் செயலாளரிடம் பேசும்போது இதனை எடுத்துக் காட்டலாம். சச்சரவாகப் பேசாமல், “துணை மீட்டர் வைத்துக்கொள்கிறோம், செலவு எங்களுடையது” என்று பேசினால் காரியம் எளிதில் கைகூடும்.

பிளக் கிடைக்காதவர்கள் மனம் தளர வேண்டுவதில்லை. பாட்டரியைக் கழற்றி மாடிக்கு எடுத்துச் செல்லக்கூடிய வண்டிகளும் உண்டு. ஆனால் அவற்றின் ஒரு பாட்டரியே ஏறக்குறைய ஒரு குடத்துத் தண்ணீரின் எடை இருக்கும். சிலவற்றில் இரண்டு பாட்டரிகள். லிப்ட் இல்லாத நான்காவது மாடியில் குடியிருப்பவர், கடையிலேயே அதைத் தூக்கிப் பார்த்து, இதனைத் தினந்தோறும் சுமப்போமா என்று தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டும். வீட்டிலும் இடமில்லை, பாட்டரியும் கழலாது, அலுவலகத்திலும் பிளக் இல்லை என்றால், எவ்வளவு நல்ல வண்டியானாலும் இப்போதைக்கு வாங்காதிருப்பதே விவேகம்.

பிளக் உறுதியான பின் தூரத்தைக் கணக்கிடுவோம். நெருலிலிருந்து பாந்திரா-குர்லா வணிக வளாகத்துக்கு வாஷிப் பாலம் வழியாக ஏறத்தாழ 25 கிலோமீட்டர், போய்வர 50. இங்கே ஓர் எச்சரிக்கை. கார் செல்லும் குறுக்குவழியைக் கொண்டு கணக்கிடலாகாது. 2024 ஜனவரியில் திறந்த அடல் சேது, பாந்திரா-வொர்லி கடற்பாலம், கிழக்கு விரைவுச்சாலை ஆகிய மூன்றிலும் இருசக்கர வாகனங்களுக்கு அனுமதி இல்லை.

இந்த 50 கிலோமீட்டருக்கு எவ்வளவு ஓடும் வண்டி வேண்டும்? பாட்டரியை முற்றிலும் காலியாக்கி வீடு திரும்புதல் தகாது; ஐந்தில் ஒரு பங்கு மிச்சம் இருக்கட்டும். அப்போது 50 என்பது 63 ஆகின்றது. பாட்டரி ஆண்டுகள் செல்லச் செல்ல வலுக் குறையும். அதற்கும் ஐந்தில் ஒரு பங்கு ஒதுக்கினால் ஏறக்குறைய 80 கிலோமீட்டர். புதிய வண்டி உண்மைச் சாலையில் 80 கிலோமீட்டர் ஓட வேண்டும் என்பது இதன் பொருள். விளம்பரத்தில் போடும் எண்ணோ சோதனைச் சாலையில் எடுத்தது. பின்னால் ஒருவரை ஏற்றிக்கொண்டு, சயான்-பன்வேல் நெடுஞ்சாலையில் வேகமாகச் செல்லும்போது அதில் நான்கில் மூன்று பங்கு கிடைத்தாலே மகிழலாம். ஆகவே விளம்பரத்தில் 110 கிலோமீட்டருக்குக் குறையாமல் போட்டிருக்கும் வண்டியையே பார்க்க வேண்டும்.

பாட்டரியின் அளவைக் கிலோவாட்-மணி என்று குறிப்பர். அஃது வேறொன்றுமில்லை, நம் மின்கட்டண ரசீதில் வரும் யூனிட்டே. ஸ்கூட்டர் ஒரு யூனிட்டில் ஏறக்குறைய 30 முதல் 35 கிலோமீட்டர் ஓடும். நாம் கண்ட 80 கிலோமீட்டருக்கு இரண்டரை யூனிட் போதும். எனவே 3 யூனிட் பாட்டரி நெருல் அன்பருக்குத் தாராளம். 4 யூனிட், 5 யூனிட் என்று விற்பனையாளர் ஆசை காட்டினால், அதிகப்படிப் பணம் நமக்கு எதற்கு என்று கேட்கலாம். டோம்பிவிலியிலிருந்து நகருக்குள் வருபவருக்கு மட்டும் அது தேவைப்படலாம். மணிக்கு 25 கிலோமீட்டருக்கு மேல் ஓடாத, பதிவும் லைசென்ஸும் வேண்டாத சிறு வண்டிகள் மார்க்கெட்டுக்குப் போய்வர ஏற்றவை. நெடுஞ்சாலைப் பயணத்துக்கு அவை ஆகா.

இனி வரவு செலவு. பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய் என்றும், ஸ்கூட்டர் லிட்டருக்கு 45 கிலோமீட்டர் தரும் என்றும் வைத்துக்கொண்டால், நாளொன்றுக்கு 111 ரூபாய். மாதம் 25 நாளுக்கு ஏறத்தாழ 2,775. மின்சார வண்டிக்குச் சேதாரம் உட்பட நாளொன்றுக்கு ஒன்றே முக்கால் யூனிட். யூனிட் 10 ரூபாயானாலும் மாதம் 440 ரூபாய்க்குள் அடங்கும். மிச்சம் 2,300 ரூபாய்க்கு மேல். பெட்ரோல் வண்டியைவிட 40,000 ரூபாய் கூடுதலாகக் கொடுத்தாலும் ஒன்றரை ஆண்டில் ஈடுகட்டிவிடலாம். வாரத்தில் இரண்டு நாள் மட்டும் அலுவலகம் செல்பவருக்கு இந்தக் கணக்குப் பொருந்தாது. அரசாங்க மானியம் 2023 ஜூனிலும் 2024 ஏப்ரலிலும் குறைக்கப்பட்டது என்பதால், அதை நம்பிக் கணக்குப் போடாமல், பதிவும் இன்ஷூரன்ஸும் சேர்த்துக் கையிலிருந்து கொடுக்கும் மொத்தத் தொகையையே கேட்டறியுங்கள்.

கேரண்டிச் சீட்டை வாசிக்காமல் கையெழுத்திடலாகாது. நாளொன்றுக்கு 50 கிலோமீட்டர் போகிறவர் ஆண்டில் 15,000 கிலோமீட்டர் ஓட்டிவிடுவார். “3 ஆண்டு அல்லது 30,000 கிலோமீட்டர், இவற்றில் எது முந்துகிறதோ அதுவரை” என்று எழுதியிருந்தால், அவருக்கு அது இரண்டே ஆண்டுக் கேரண்டி. பாட்டரியே வண்டி விலையில் பெரும்பங்கு ஆதலால், சற்று அதிகம் கொடுத்தேனும் 80,000 கிலோமீட்டர் வரை கேரண்டியை நீட்டிக்கொள்வது நீண்டதூரப் பயணிக்கு உகந்தது. எத்தனை சதவீதத்துக்குக் கீழே வலுக் குறைந்தால் பாட்டரியை மாற்றித் தருவர் என்பதையும் கேளுங்கள்.

மும்பையின் மழைக்காலத்தை மறந்து எந்த வாகனமும் வாங்கலாகாது. கிங்ஸ் சர்க்கிளிலும் ஹிந்த்மாதாவிலும் நீர் தேங்குவதை நாம் அறிவோம். ஐபி67 என்ற முத்திரை, ஒரு மீட்டர் ஆழ நீரில் அரைமணி நேரம் இருந்தாலும் பாட்டரிக்குள் நீர் புகாது என்பதையே குறிக்கும். வெள்ளத்தில் ஓட்ட அஃது அனுமதிச் சீட்டு அன்று. நீரில் மூழ்கிய வண்டியை, மெக்கானிக் பார்க்கும் வரை பிளக்கில் மாட்டவே கூடாது. சாலைப் பள்ளங்களுக்கு 10 அங்குலச் சக்கரத்தைவிட 12 அங்குலச் சக்கரம் மேல்.

தீ விபத்துக்களைப் பற்றிய அச்சம் நியாயமானதே. 2022 மார்ச்சில் வேலூரில், இரவில் வீட்டில் சார்ஜில் இருந்த ஸ்கூட்டர் தீப்பற்றி, புகை மூண்டு, ஒரு தந்தையும் மகளும் உயிரிழந்தனர். அவ்வாண்டு நேர்ந்த விபத்துக்களை அடுத்து அரசாங்கம் பாட்டரிச் சோதனை விதிகளைக் கடுமையாக்கி, 2022 டிசம்பரிலும் 2023 மார்ச் இறுதியிலும் இரு கட்டமாக நடைமுறைக்குக் கொண்டுவந்தது. ஆகவே அதற்கு முன் செய்த பழைய வண்டியை மலிவென்று வாங்க வேண்டாம். லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகைப் பாட்டரி எடை சற்று அதிகமாயினும், வெப்பத்தைத் தாங்குவதிலும் நீண்டு உழைப்பதிலும் மேம்பட்டது.

இங்கே நம் கணக்கு ஒரு நல்ல செய்தியையும் தருகின்றது. 750 வாட் சார்ஜரில், 50 கிலோமீட்டர் ஓடிய செலவை நிரப்ப இரண்டரை மணி நேரமே ஆகும். மாலையில் வீடு திரும்பிய சற்று நேரத்தில் மாட்டினால், குழந்தைகள் பாடம் முடித்து எல்லோரும் சாப்பிட்டு எழும் நேரத்தில் கழற்றிவிடலாம். குடும்பம் உறங்கும்போது சார்ஜ் செய்ய வேண்டிய அவசியமே இல்லை. மாடிப்படியருகிலும் வாசற்கதவருகிலும் மட்டும் வைக்காதீர்கள். வெளியேறும் வழி எப்போதும் திறந்திருக்க வேண்டும்.

மாற்றலாகும் உத்தியோகத்தில் இருப்பவர்களுக்கு ஒரு சொல். வேறு மாநிலத்தில் 12 மாதங்களுக்கு மேல் வண்டியை வைத்திருந்தால் அங்கே மறுபதிவு செய்தாக வேண்டும். மத்திய அரசு ஊழியர்கள் போன்றோர், 2021-இல் ஏற்பட்ட பாரத் வரிசைப் பதிவுக்குத் தமக்குத் தகுதி உண்டா என்று முன்பே விசாரித்தல் நன்று. போகும் ஊரில் அந்தக் கம்பெனியின் பணிமனை இருக்கின்றதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்று இந்நாட்டுச் சாலைகளில் ஓடும் மின்சார ஸ்கூட்டர்களில் பெரும்பங்கு ஓசூர் உள்ளிட்ட கிருஷ்ணகிரி மாவட்டத்தில் உருவானவை என்பது நமக்கு மகிழ்ச்சி தருவதே. எனினும் ஊர்ப்பற்றைக் கொண்டு வண்டி வாங்கலாகாது. பிளக், தூரம், கேரண்டி என்ற மூன்றையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு, குடும்பத்தலைவியும் உடன்வரக் கடைக்குச் செல்லுங்கள். மூன்றுக்கும் விடை கிடைத்த பிறகு நிறத்தைக் குழந்தைகளே தேர்ந்தெடுக்கட்டும்.