ஜமுனாமரத்தூருக்கு ஓர் இரும்புக் கோல்

ஜவ்வாது மலையில் விளைந்த சாமையையோ புளியையோ விற்கப் போகிறவர் தராசைப் பார்க்கலாம். மின்னணுத் தராசின் எண் கண்ணெதிரே நிற்கிறது. சந்தேகம் வந்தால் மூட்டையை இன்னொரு கடைத் தராசில் தூக்கி வைத்துப் பார்த்துவிடலாம். விற்ற காசோடு அவரே ஜவுளிக்கடைக்குப் போனால் அப்படி எந்த எண்ணும் கண்ணில் படுவதில்லை. கடைக்காரர் துணிக்கட்டை உருட்டி விரிக்கிறார், மீட்டர் கோலை மூன்று நான்கு முறை வைத்து எடுக்கிறார், வாய்க்குள் எண்ணுகிறார், கத்தரி ஓடிவிடுகிறது. எண்ணியது சரிதானா, கோல் சரிதானா, துணி இழுபட்டதா என்பதெல்லாம் அந்தச் சில விநாடிகளோடு மறைந்துபோகின்றன. "பார்த்து வாங்குங்கள்" என்று வாங்குபவருக்குப் புத்தி சொல்வது இங்கே பயன்படாது. அளவு வாங்குபவரின் கண்முன் நிற்கும்படி செய்ய வேண்டியது கடையின் கடமை. அதைச் சரிபார்த்துக்கொள்ள ஊருக்குப் பொதுவாக ஒரு கோல் இருக்க வேண்டியது அரசின் கடமை.

துணி அளப்பதில் தவறு நேரக் கெட்ட எண்ணம் தேவையில்லை. துணியின் இயல்பே போதும். அரிசி மூட்டையை எப்படிப் போட்டாலும் எடை மாறாது. துணியோ கை பட்டதும் மாறுகிறது. கோலோடு சேர்த்து இழுத்துப் பிடித்தால் நீள்கிறது, மேசையில் தளர்வாகப் போட்டால் சுருங்குகிறது. இழுத்ததில் 100-க்கு 3 பங்கு நீண்டாலும் இரண்டரை மீட்டரில் 7 சென்டிமீட்டருக்கு மேல் காணாமல் போகும். வெட்டும்போது கத்தரி கோணலாகப் போனால் ஒரு ஓரம் சரியாகவும் மறு ஓரம் குறைவாகவும் வரும். தைக்கும்போது கணக்கில் வருவது குறைந்த ஓரம்தான். எல்லாவற்றையும்விடப் பெரிய குழப்பம் கெஜம். 1956-இலேயே மெட்ரிக் அளவுக்குச் சட்டம் வந்துவிட்டது. ஆனாலும் துணிக்கடைப் பேச்சில் கெஜமும் மீட்டரும் ஒன்றுக்கொன்று மாற்றுப் பெயர்கள் போலப் புழங்குகின்றன. ஒரு கெஜம் 91.44 சென்டிமீட்டர்தான். மீட்டருக்கு விலை பேசி கெஜத்தில் அளந்தால் 5 மீட்டர் கேட்டவருக்கு ஏறக்குறைய 43 சென்டிமீட்டர் குறைகிறது. குழந்தைக்கு ஒரு சட்டை தைக்கும் அளவுக்குப் பக்கத்தில் வரும் துணி அது.

நீளத்தையாவது பேசுகிறோம், பன்னா எனப்படும் அகலத்தைப் பற்றிப் பேச்சே எழுவதில்லை. ஒரே சட்டைக்கு 36 அங்குலப் பன்னாவில் இரண்டேகால் மீட்டர் வேண்டும், 58 அங்குலப் பன்னாவில் 1.60 மீட்டர் போதும். 36 அங்குலத் துணி மீட்டர் 100 ரூபாய், 58 அங்குலத் துணி மீட்டர் 150 ரூபாய் என்றால் முதலாவதுதான் மலிவு என்று தோன்றும். பரப்பளவில் கணக்குப் போட்டால் முதலாவது சதுர மீட்டருக்கு 109 ரூபாய், இரண்டாவது 102 ரூபாய். பன்னாவைச் சொல்லாமல் மீட்டர் விலையை மட்டும் சொல்வது பாதி விலையைச் சொல்வதற்குச் சமம்.

எந்த ஊருக்கும் பொருந்தும் இந்தக் குறை மலையில் ஏன் கூடுதலாக வலிக்கிறது என்பதற்குத் தூரம் முதல் காரணம். திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் என மூன்று மாவட்டங்களில் பரந்து கிடக்கிறது ஜவ்வாது மலை. மலைமேல் உள்ள ஜமுனாமரத்தூரிலிருந்து கீழே போளூர் வரை சுமார் 40 கிலோமீட்டர் மலைப்பாதை. ஜமுனாமரத்தூருக்கே வெகுதூரம் நடந்தோ பேருந்து பிடித்தோ வர வேண்டிய சிற்றூர்கள் ஏராளம். துணி குறைகிறது என்பதை முதலில் கண்டுபிடிப்பவர் பெரும்பாலும் தையல்காரர். "இன்னும் ஒரு சாண் வேணும்" என்று அவர் சொல்லும்போது திரும்பிப் போக ஒரு நாள் கூலியும் பேருந்துச் செலவும் ஆகும். போனாலும் அதே துணிக்கட்டு தீர்ந்திருக்கும். நனைத்துக் காயவைத்த பருத்தித் துணியாக இருந்தால் "சுருங்கியிருக்கும்" என்ற ஒரே பதிலில் வழக்கு முடிந்துவிடும். முதல் சலவையில் பருத்தி சுருங்குவது உண்மைதான். அதனால்தான் வெட்டும் நேரத்து அளவு எழுத்தில் இருந்தாக வேண்டும்.

கடனுக்கு வாங்குவது இன்னொரு காரணம். விளைச்சல் வந்ததும் தருகிறேன் என்று சொல்லித் துணி எடுக்கும் குடும்பத்தால் "இன்னொரு முறை அளங்க அண்ணே" என்று எளிதில் கேட்டுவிட முடியாது. கேட்டால் நம்பவில்லை என்று பொருளாகிவிடும். அடுத்த முறை கடன் கிடைக்காமல் போகலாம். விழிப்புணர்வுக் கூட்டங்களும் துண்டறிக்கைகளும் இந்தத் தயக்கத்தைத் தொடுவதே இல்லை. கேட்காமலே அளவு தெரிந்தால்தான் கடனுக்கு வாங்குபவருக்கும் நியாயம் கிடைக்கும்.

"நாங்கள் எப்போதும் நாலு விரல் கூட விட்டுத்தான் வெட்டுகிறோம்" என்பது கடைக்காரர்கள் சொல்லும் மறுப்பு. பலர் அப்படித்தான் செய்கிறார்கள். அந்த நல்ல மனத்தை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் அளவு சரியாக இருந்தால்தான் கூடுதலுக்கு மதிப்பு. கெஜக் கோலில் அளந்து நாலு விரல் சேர்த்தால் மீட்டருக்கே வந்து சேராது. தீபாவளி, பொங்கல் கூட்டத்தில் ஒவ்வொருவருக்கும் நின்று அளந்துகாட்ட முடியாது என்பது அடுத்த மறுப்பு. மேசை விளிம்பில் வாங்குபவர் நிற்கும் பக்கமாக ஒரு மீட்டர் பட்டையைப் பதித்துவிட்டால் கோலை வைத்து எடுக்கும் நேரமே மிச்சமாகும். எல்லாரும் ஆயத்த ஆடைக்கு மாறிவிட்டார்களே என்பவர்கள் ரவிக்கைத் துணி, லைனிங், பாவாடைத் துணி, பள்ளிச் சீருடைத் துணி ஆகியவற்றை மறந்துவிடுகிறார்கள். அவற்றை இன்னும் வெட்டித்தான் வாங்குகிறோம்.

2011 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள 2009-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டம், நிர்ணயிக்கப்பட்ட அலகில்தான் விலை சொல்ல வேண்டும் என்கிறது. கடையின் நீள அளவுகோலை 24 மாதங்களுக்கு ஒருமுறை சரிபார்த்து முத்திரை பெற வேண்டும். தமிழ்நாட்டில் இந்தப் பொறுப்பு தொழிலாளர் துறையிடம் இருக்கிறது. பெட்ரோல் நிலையத்தில் சந்தேகம் வந்தால், அங்கேயே வைத்திருக்க வேண்டிய முத்திரையிட்ட 5 லிட்டர் அளவையில் பிடித்துக்காட்டச் சொல்லலாம். அதே உரிமையைத் துணி வாங்குபவருக்கும் கொடுக்க ஒரு கோல் போதும். பழைய கோயில் சுவர்களில் நிலம் அளக்கும் கோலின் நீளத்தைச் செதுக்கி வைத்த ஊர்கள் நம்முடையவை. வியன்னா நகரின் புனித ஸ்டீபன் தேவாலயச் சுவரில் துணி வணிகத்துக்கென்றே இரண்டு இரும்புக் கோல்களைப் பதித்திருக்கிறார்கள். ஒன்று கம்பளித் துணிக்கு, மற்றது நார்த்துணிக்கு. வாங்கியவர் யாரையும் கேட்காமல் துணியை அங்கே கொண்டுபோய் வைத்துப் பார்த்துக்கொள்ள முடிந்தது.

ஜமுனாமரத்தூர் வட்டாட்சியர் அலுவலகச் சுவரில், தெருவைப் பார்த்த பக்கமாக, முத்திரையிட்ட ஒரு மீட்டர் இரும்புப் பட்டையைத் தொழிலாளர் துறை பதிக்க வேண்டும். ஜவ்வாது மலை ஒன்றியத்தின் 11 ஊராட்சி அலுவலகங்களிலும் அதேபோல ஒன்று வேண்டும். கடைகள் ரசீதில் நீளத்தையும் பன்னாவையும் எழுதித்தர வேண்டும். குறை கண்டவர்கள் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம். அடுத்த பொங்கலுக்குத் துணி எடுக்க மலையிலிருந்து இறங்கும் குடும்பத்துக்கு முன்னால் இந்தப் பட்டை சுவரில் ஏறியிருக்கட்டும்.