செருப்புத் தைப்பவனின் பூட்டு

பிரேசிலிய ஜூஜிட்சுவில் தற்காப்பே மூலக்கலை, போட்டி அதன் சீரழிவு என்று ஒரு தரப்பு நெடுங்காலமாகச் சொல்லிவருகிறது. எதிர்த்தரப்போ பதக்கங்களை எண்ணிக் காட்டுகிறது. இரு தரப்புமே தவிர்க்கும் கேள்வி ஒன்றுண்டு: இக்கலையில் எது தூய்மை என்று தீர்மானித்தவர்கள் யார்?

1914இல் பிரேசிலுக்கு வந்த ஜூடோ வீரர் மிட்சுயோ மாயேதாவின் வழியில் கற்ற கார்லோஸ் கிரேஸி, ரியோவில் பயிற்சிக்கூடம் திறந்தார். அவரும் தம்பி ஹெலியோவும் முன்வைத்த வாதம் எளிமையானது: சொல்லை நம்பாதே, மோதிப் பார். பகிரங்கமாகச் சவால் விட்டே பெயரெடுத்த குடும்பம் அது.

அதே நகரின் புறநகரான பெந்தோ ரிபெய்ரோவில் ஓஸ்வால்டோ ஃபாத்தா ஏழைகளுக்குக் கற்பித்தார். அவர் கிரேஸிகளின் மாணவரல்லர். லூயிஸ் ஃபிரான்சாவிடம் பயின்றவர். 1950களில் ஃபாத்தாவின் மாணவர்கள் கிரேஸிகளின் கூடத்துக்கே சென்று மோதி வென்றார்கள். அவர்களுடைய முதன்மை ஆயுதம் கால்பூட்டு.

தன் கொள்கைக்கு உண்மையாக இருக்கும் கலை அன்றே கால்பூட்டைக் கற்கத் தொடங்கியிருக்க வேண்டும். நடந்தது வேறு. அது செருப்புத் தைப்பவனின் உத்தி என்று இகழப்பட்டது. ஓர் உத்தி பலிக்கவில்லை என்பது விமர்சனம். பலித்த உத்தியைக் கீழ்மக்களின் தொழிற்பெயரால் அழைப்பது விமர்சனமல்ல, வர்க்கத் திமிர். அதைத்தான் பல பத்தாண்டுகள் அழகியல் என்று நம்பினார்கள்.

கால்பூட்டு ஆபத்தானது என்பார்கள். உண்மைதான். குதிகாலைப் பற்றித் திருகும் பூட்டில், வலி எச்சரிக்கும் முன்பே முழங்கால் தசைநார் கிழிந்துவிடக்கூடும். ஆனால் ஆபத்தானது என்பதாலேயே அதை முறையாகக் கற்பிக்க வேண்டும். எப்போது தட்டித் தோல்வியை ஒப்புக்கொள்வது என்பதையே அறியாதவனின் முழங்கால்தான் முதலில் போகும்.

2010களில் தத்துவ மாணவராக இருந்து பயிற்சியாளரான ஜான் டானஹர், கால்பூட்டுகளை ஒழுங்கான முறைமையாக வகுத்தார். அவர் கற்பித்தது நியூயார்க்கில், ரென்ஸோ கிரேஸியின் கூடத்தின் நிலவறையில். 2021இல் சர்வதேசக் கூட்டமைப்பும், சீருடையற்ற போட்டிகளில் பழுப்பு, கருப்புப் பட்டை பெற்ற வயதுவந்தோருக்குக் குதிகால் பூட்டை அனுமதித்தது. ஃபாத்தாவின் மாணவர்கள் வென்று ஏறத்தாழ எழுபது ஆண்டுகளுக்குப் பிறகு!

இனியும் மூலக்கலை, தூய்மை என்று பேசுவோர் முதலில் அந்த எழுபது ஆண்டுகளுக்குக் கணக்குச் சொல்லட்டும்.