போகும் இடத்தைச் சொல்ல வேண்டுமா?

மும்பையில் வேலை மாறும் நம்மவர்களில் பலர் பழைய முதலாளியிடம், "அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, ஊருக்குப் போகிறேன்" என்று சொல்லிவிட்டு விலகுகிறார்கள். மறு வாரமே அந்தேரியில் வேறொரு கம்பெனியில் கணக்கு எழுத உட்காருகிறார்கள். ஒரே தொழிலில் இருக்கும் சேட்டுகள் தினமும் பேசிக்கொள்கிறவர்கள். செய்தி எட்ட எத்தனை நாள் ஆகும்? கடைசி மாதச் சம்பளமும் அனுபவச் சான்றிதழும் அதோடு இழுபடத் தொடங்கும். நலமாக இருக்கும் தாயாரை இதில் இழுப்பானேன்?

வேலை ஒப்பந்தத்தில் எழுதியிராவிட்டால், புது இடத்தின் பெயரைச் சொல்லவேண்டிய கடமை இல்லை. போட்டிக் கம்பெனியில் சேரக்கூடாது என்று எழுதி வாங்கியிருந்தால்கூட, வேலையை விட்ட பிறகு அது செல்லாது. 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆவது பிரிவு அப்படி. நோட்டீஸ் காலம் வேறு விஷயம். அதை முடித்துக் கொடுக்கத்தான் வேண்டும்.

ஆகவே கணக்குத் தீரும்வரை, "வேறு இடம் கிடைத்திருக்கிறது" என்ற அளவில் நிறுத்திக்கொள்ளலாம். பணமும் சான்றிதழும் கைக்கு வந்தபின் பெயரைச் சொல்லிவிடுவதே நல்லது. புதுக் கம்பெனியார் விசாரித்துப் போன் செய்யும்போதுதான் பழைய மேனேஜர் அதை முதன்முதலாகக் கேள்விப்பட்டார் என்றால், அவர் வாயிலிருந்து நல்ல வார்த்தை வருவது சந்தேகம்.