கடைவீதிக் கணிப்பும் கல்லாப் பெட்டியும்

வணிகர் ஏட்டில் கிரிக்கெட்டுக்கு என்ன வேலை என்று அங்கத்தினர்கள் சிலர் கேட்கக்கூடும். ஆட்டத்தைப் பற்றி எழுத நமக்கு ஞானம் போதாது. ஆட்டத்தை வைத்து நடக்கும் வியாபாரத்தைப் பற்றியே எழுதுகிறோம். அந்த வியாபாரத்தில் கொள்முதல் இல்லை, எடைக்கல் இல்லை, கிடங்கு வாடகை இல்லை. ஆனால் அதற்கான கைமுதலில் ஒரு பங்கு நம்மைப் போன்றோரின் கல்லாவிலிருந்தும், நம் கடைப் பையன்களின் சம்பளத்திலிருந்தும் போகிறது.

2024 மே மாதத்தில் ஐ.பி.எல். போட்டியின் கடைசி வாரம் நடந்தபோது, நம் சுவாமிமலைக் கடைவீதியில் சொல்லப்பட்ட கணிப்புகளைச் சிட்டைத் தாள் ஒன்றில் குறித்து வைத்தோம். விளையாட்டாகத்தான் தொடங்கினோம். பழைய கணக்குகளைப் புரட்டியபோது அந்தத் தாள் இப்போது கைக்குக் கிடைத்தது. ஐந்து ஆட்டங்கள், ஐந்து கணிப்புகள்.

மே 18, சனிக்கிழமை. பெங்களூரில் சென்னை அணி ஆட வேண்டும். வெல்லக்கூட வேண்டாம், 18 ரன்னுக்குக் குறைவாகத் தோற்றாலே அடுத்த சுற்று உறுதி. எதிரணியான பெங்களூரோ முதல் எட்டு ஆட்டங்களில் ஒன்றே ஒன்றில் வென்றிருந்த அணி. அதற்குப் பிறகு அவர்கள் தொடர்ந்து ஐந்து ஆட்டங்களை வென்றதை நம் தெருவில் யாரும் பொருட்படுத்தவில்லை. "சென்னைதான், சந்தேகமே வேண்டாம்" என்று தாளில் எழுதியிருக்கிறோம். பெங்களூர் 218, சென்னை 191. கடைசி ஓவரின் முதல் பந்தை தோனி மைதானத்துக்கு வெளியே அடித்தார், அடுத்த பந்தில் ஆட்டமிழந்தார். 27 ரன் தோல்வி. மறுநாள் காலையில் தேநீர்க் கடையில் துக்க வீட்டுச் சாயல்.

மே 21இல் ஐதராபாத் அணி வெல்லும் என்றார்கள். அந்த அணி ஏப்ரல் 15 அன்று ஒரே ஆட்டத்தில் 287 ரன் குவித்துச் சாதனை படைத்திருந்தது. அன்று 159 ரன்னில் சுருண்டது. கொல்கத்தா 14 ஓவருக்குள் ஆட்டத்தை முடித்துவிட்டது.

மே 22 நமக்கு நன்றாக நினைவிருக்கிறது. அன்று வைகாசி விசாகம். அறுபது படியும் கூட்டம். தேங்காய், பழம், வெற்றிலை, மாலை என்று கோயில் வாசல் கடைகளுக்கு ஆண்டில் சில நாட்களே வாய்க்கும் வியாபாரம். மாலையில் ஒரு கடையில் அர்ச்சனைத் தட்டு கேட்டு வாடிக்கையாளர் நிற்கிறார், பையனின் கண் கைப்பேசியில் இருக்கிறது. ஆறு ஆட்டம் தொடர்ந்து வென்ற பெங்களூர்மேல் அவன் முந்நூறு ரூபாய் கட்டியிருந்தான் என்று பிறகு தெரிந்தது. ராஜஸ்தான் வென்றது. அவனுடைய ஒரு நாள் கூலி போனது. முதலாளிக்குப் போன வியாபாரத்தை யார் கணக்கிட்டார்கள்?

மே 24, சேப்பாக்கம். இரவில் பனி இறங்கும், பின்னால் மட்டை பிடிப்பவருக்கே ஆட்டம் என்று ஊரெல்லாம் சொன்னார்கள். ராஜஸ்தான் அணியும் அப்படியே நம்பி முதலில் பந்து வீசியது. பனி வரவில்லை. ஐதராபாத்துக்கு 36 ரன் வெற்றி. மே 26 இறுதி ஆட்டமும் அங்கேதான். கொல்கத்தா வெல்லும் என்ற கணிப்பு மட்டும் பலித்தது. ஆனால் 287 அடித்த ஐதராபாத் இறுதி ஆட்டத்தில் 113 ரன்னில் அடங்கும் என்று எவரும் சொல்லவில்லை. ஐ.பி.எல். இறுதி ஆட்ட வரலாற்றிலேயே அதுதான் மிகக் குறைந்த எண்ணிக்கை.

ஐந்தில் ஒன்று. நம் கடைவீதிக்காரர்களுக்கு விவரம் போதாது என்று இதற்குக் காரணம் சொல்ல முடியாது. 2022 நவம்பரில் கத்தார் நாட்டில் நடந்த உலகக் கால்பந்துப் போட்டியைப் பாருங்கள். உலகமே கணித்தது. 36 ஆட்டங்கள் தோல்வியே காணாத அர்ஜென்டினா, 22ஆம் தேதி சவூதி அரேபியாவிடம் தோற்றது. மறுநாள் ஜப்பான், ஜெர்மனியை வென்றது. அதே நாளில் கோஸ்டாரிகா என்ற சிறு நாடு ஸ்பெயினிடம் ஏழு கோல் வாங்கி அவமானப்பட்டது. அப்படியானால் ஜப்பானுக்குக் கோஸ்டாரிகா எம்மாத்திரம்? 27ஆம் தேதி கோஸ்டாரிகா 1-0 என்று ஜப்பானை வென்றது. டிசம்பர் 1இல் ஜப்பான் அந்த ஸ்பெயினையே 2-1 என்று வென்றது. முதல் ஆட்டத்தில் தோற்ற அர்ஜென்டினாதான் கடைசியில் கோப்பையை வாங்கியது. இதில் எதை வைத்து யார் கணக்குப் போடுவது!

கணக்குப் போடத் தெரிந்தவர் ஒருவர் இருக்கிறார். பந்தயத்தை நடத்துகிறவர். அவருக்கு யார் வென்றாலும் ஒன்றே. சரிசமமான இரண்டு அணிகள் என்று வைத்துக்கொள்வோம். நூறு ரூபாய் கட்டி வென்றால் மேலே தொண்ணூறு கிடைக்கும். தோற்றால் நூறும் போகும். இருபக்கமும் ஆளுக்கு நூறு கட்டினால் அவர் கைக்கு வருவது 200, வென்றவருக்குக் கொடுப்பது 190. பத்து ரூபாய் நின்றது. நூற்றுக்கு ஐந்து தரகு. நம் அரிசி மண்டியில் இவ்வளவு தரகு கேட்டால் சும்மா விடுவோமா? ஆயிரம் ரூபாயோடு இறங்கி, கையிலிருப்பதை முழுக்க ஒவ்வொரு ஆட்டத்திலும் சுழற்றுகிறவருக்குச் சராசரியாக ஆட்டத்துக்கு ஐந்து சதம் தேய்கிறது. முதல் சுற்றில் ஓர் அணிக்கு 14 ஆட்டங்கள். பதினான்காவது முடியும்போது மிஞ்சும் சராசரி 488 ரூபாய். அணிகளைப் பற்றி அவருக்கு எவ்வளவு தெரிந்திருந்தாலும் அந்தத் தரகு குறைவதில்லை.

கணிப்பு விற்கிறவர்கள் தனி. டெலிகிராமில் 'உறுதியான' முடிவு சொல்வோரின் தொழில் ரகசியம் எளியது. 800 பேரில் பாதிப் பேருக்கு ஓர் அணி என்றும் மீதிப் பேருக்கு மற்ற அணி என்றும் செய்தி அனுப்புவது. பொய்த்தவர்களை விட்டுவிட்டு, பலித்த 400 பேருக்கு மறுபடி அதேபோல. மூன்றாவது ஆட்டம் முடிந்தால் 100 பேருக்கு அவர் மகான். அந்த நூறு பேரிடம்தான் சந்தா கேட்பார்.

ஒரு மறுப்பு வரும் என்பதை அறிவோம். தை மாதத்தில் நெல் வாங்கி ஆடிக்கு விற்கலாம் என்று இருப்பு வைக்கிறோமே, அது மட்டும் என்ன? நியாயமான கேள்விதான். ஆனால் விலை இறங்கினாலும் மூட்டை கிடங்கில் இருக்கிறது. நட்டத்துக்காவது விற்கலாம், அரைத்து அரிசியாக்கலாம். ஈரப்பதம் பார்க்கத் தெரிந்தவருக்கும் தெரியாதவருக்கும் லாபத்தில் வித்தியாசம் உண்டு. நம் ஊர்ச் சிலைப் பட்டறைக்காரர் முன்பணம் வாங்கிய பிறகு செம்பு விலை ஏறிவிடுவது உண்டு. அவர் கூலியில் இடிபடுவார், ஆனாலும் கடைசியில் ஒரு நடராஜர் உருவாகியிருப்பார். பந்தயத்தில் தோற்றவரிடம் விற்பதற்கு என்ன மிச்சம் இருக்கிறது?

சட்டம் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. தமிழக அரசே 1968இல் பரிசுச் சீட்டு நடத்தத் தொடங்கியது. 2003இல் தமிழ்நாட்டில் லாட்டரிச் சீட்டு விற்பனையே தடை செய்யப்பட்டது. வீதிக்கு இரண்டு சீட்டுக் கடை இருந்த காலத்தை நம் மூத்த அங்கத்தினர்கள் மறந்திருக்க மாட்டார்கள். இணையச் சூதாட்டத்துக்கு எதிரான மாநிலச் சட்டத்துக்கு 2023 ஏப்ரலில் ஆளுநரின் ஒப்புதல் கிடைத்தது. 2025 ஆகஸ்டில் பாராளுமன்றம் பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடை செய்து சட்டம் இயற்றியது. இந்திய அணியின் சட்டையிலேயே பெயர் பொறித்திருந்த ட்ரீம்11 நிறுவனம் உடனே பணப் போட்டிகளை நிறுத்தியது. நல்லது. அதில் ஆடிய பிள்ளைகள் வெளிநாட்டுத் தளங்களுக்கும் வாட்ஸ்ஆப் தரகர்களுக்கும் போகாமல் இருந்தால் இன்னும் நல்லது.

அந்தத் தரகர்களால்தான் வணிகர்களுக்கு நேரடி ஆபத்து. 2023இல் அமலாக்கத் துறை விசாரித்த மகாதேவ் செயலி வழக்கை நினைவுபடுத்துகிறோம். பந்தயப் பணம் பிறர் பெயரில் இருந்த ஏராளமான வங்கிக் கணக்குகள் வழியே ஓடியதாக அந்தத் துறை கூறியது. இப்படிப்பட்ட ஆட்களுக்குக் கடைக் கணக்கு மிகவும் வசதி. கடைக்குத் தினமும் ஐம்பது பேர் பணம் அனுப்புவது இயல்புதானே? "அண்ணாச்சி, உங்க கியூ.ஆர். அட்டைக்கு ஒரு பத்தாயிரம் வரும். அதை ரொக்கமாக் குடுத்துடுங்க, இருநூறு நீங்க வச்சுக்குங்க" என்று தெரிந்த பையனே வந்து கேட்பான். அந்தப் பணத்தை அனுப்பியவர் எங்கோ ஒரு மாநிலத்தில் ஏமாற்றப்பட்டு 1930 எண்ணில் புகார் கொடுத்திருந்தால், பணம் போன தடத்தைப் பிடித்துக்கொண்டு கணக்கு கணக்காக வருவார்கள். நம் கணக்கில் தொகை நிறுத்தி வைக்கப்படும். சில சமயம் கணக்கே முடங்கும். கும்பகோணம் மொத்த வியாபாரிக்குக் கொடுத்த காசோலை திரும்பும். மொழி தெரியாத ஊரின் காவல் நிலையத்துக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருக்க வேண்டும். இருநூறு ரூபாய்க்காக!

ஆகவே அங்கத்தினர்களைக் கேட்டுக்கொள்கிறோம்: சரக்கு விற்காத பணம் எதையும் கடைக் கணக்கில் வாங்காதீர்கள், மைத்துனர் கேட்டாலும் சரி. கடை கியூ.ஆர். அட்டைக்கு வரும் வரவை இரவு கடை கட்டும் முன் சிட்டையோடு ஒத்துப் பாருங்கள். பையன் மாதத்தில் மூன்றாவது முறை முன்பணம் கேட்டால், கொடுப்பதற்கு முன் உட்கார வைத்துப் பேசுங்கள். திட்டி அனுப்பினால் அவன் வெளியே கந்துவட்டிக்குப் போவான், பிறகு கல்லாவுக்கு வருவான். ஏற்கெனவே கணக்கு முடங்கிய அங்கத்தினர் எவரேனும் இருந்தால் வெட்கப்படாமல் அந்தத் தேதிக்குரிய பில்களுடன் சங்க அலுவலகத்துக்கு வரவும். வங்கிக்கும் காவல் துறைக்கும் மனு எழுதச் சங்கம் உதவும். அடுத்த மாதக் கூட்டத்தில் இதை முதல் பொருளாக எடுத்துக்கொள்ளலாம் என்பது நம் கருத்து. கூட்டத்தை ஆட்டம் இல்லாத மாலையாகப் பார்த்து வைக்கும்படி செயலாளரைக் கேட்டுக்கொள்கிறோம்.