புதிய ரிசீவரால் ஒலி சிறக்குமா?

விடுதிக் கூடத்து ஹோம் தியேட்டர் ரிசீவர் பழையதாயிற்றென்றும், ஆளுக்கு இருநூறு ரூபாய் திரட்டிப் புதியது வாங்கின் ஒலி தெளிவுறும் என்றும் நண்பர் சிலர் கூறுகின்றனர். யாம் உடன்படோம்.

ரிசீவரின் தலையாய தொழில் யாது? நுண்ணிய மின்குறியைப் பெருக்கி ஸ்பீக்கர்களுக்கு அனுப்புதலே. பழுதற்ற பழைய கருவியும் இதனைச் செவ்வனே ஆற்றும். 1987-இல் அமெரிக்க இதழாகிய 'ஸ்டீரியோ ரெவ்யூ', விலையிற் பெரிதும் வேறுபட்ட ஆம்பிளிஃபயர்களை இன்னதென்று அறிவியாது கேட்பித்தபோது, கேட்டோர் அவற்றை உறுதியாய் வேறுபிரித்தறிய மாட்டாராயினர். ஒலியளவைச் சமன்செய்யாது ஒப்பிடுவோரோ, சற்று உரத்ததையே இனியதென மயங்குவர். 50 வாட்டினும் 100 வாட் இருமடங்கு உரத்தொலிக்கும் என்பதும் மயக்கமே. மிகுவது 3 டெசிபெல்; இருமடங்காய்த் தோன்ற ஏறத்தாழ 500 வாட் வேண்டும்.

இனி, எம் கூடத்தைப் பாருங்கள்! சிமெண்டுத் தரை, வெறுஞ்சுவர், திரையற்ற சாளரங்கள். கைதட்டின் ஓசை படபடத்தே அடங்குகின்றது. வசனங்களைப் பெரிதும் ஒலிக்கும் நடு ஸ்பீக்கரோ பழைய செய்தித்தாட் குவியலின் பின்னே மறைந்து கிடக்கின்றது. (அடுக்கியவர் யாவரென யாம் ஆராயோம்.) வசனம் விளங்காமைக்கு ரிசீவரோ பொறுப்பு?

மைக்கால் அறையை அளந்து ஒலியைத் திருத்தும் 'டிராக்' போன்ற முறைகள் புதிய ரிசீவர்கள் சிலவற்றில் உள. தாழ்ந்த ஒலிகளை அவை நன்கு சீர்செய்யும் என்பதை மறுக்கோம். ஆயினும், வெறுஞ்சுவரின் எதிரொலியை அவை விழுங்கிவிடா.

முதற்கண் செய்தித்தாள்களை அகற்றுவோம். தடித்த திரைகள் இடுவோம். ஜமக்காளம் இரண்டு தர யாமே ஆயத்தமாயுள்ளோம். பின்னும் குறை தோன்றின், திரட்டும் பணம் ஸ்பீக்கருக்கே செல்க.